மன்றோ துரை கற்ற மொழிகள்

தருமபுரியை அடுத்த வத்தல்மலையின் விளிம்பில் நின்று கீழே நோக்குவார்க்கு, ஏரிகளும் தோப்புகளும் புன்செய் நிலங்களும் பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடக்கும் சமவெளி ஓர் அகன்ற படம் போலத் தோன்றும். அண்மையில் நம்முட் சிலர் அம்மலைக்குச் சென்றிருந்தோம். அங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். அப்பெயர் மலையில் வாழ்தல் பற்றி வந்ததேயன்றி மலையாள மொழி பற்றி வந்ததன்று. அவர் பேசுவது தமிழே. மோட்டார் செல்லும் சாலை அம்மலைக்கு நம் காலத்திலேதான் வந்தது. அதுகாறும் உப்பும் அரிசியும் மேலே போனதும், மலை விளைபொருள்கள் கீழே வந்ததும் மனிதர் தலைச்சுமையாகவும் கழுதைப் பொதியாகவுமே.

அவ்வூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு சிறுமி தன் ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். உச்சரிப்பில் தடையில்லை, ஓசையும் இனிதாகவே இருந்தது. படித்த வாக்கியத்தின் பொருள் யாது என வினவினோம். அவள் விழித்தாள், பின் நாணித் தலை கவிழ்ந்தாள். நம்முள் ஒருவர் நகைத்தார். ஆயின் நகைப்பதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு? நாமும் நம் இளமையில் அவ்வண்ணமே கற்றோம். பொருள் அறியாது உருப்போட்டோம், மார்க்குப் பெற்றோம், உத்தியோகம் நாடினோம். வீட்டிலே ஒரு மொழியும் பள்ளியிலே வேறொரு மொழியுமாக வளர்ந்த நமக்கு, அவ்விரண்டாம் மொழி எதற்காக வந்தது என்று ஆராய நேரம் இருந்ததில்லை.

இவ்வெண்ணத்தோடு மீண்டும் கீழே நோக்கியபோது, அச்சமவெளியில் ஏறக்குறைய ஏழாண்டு தங்கி அதன் நிலங்களை அளந்து கணக்கிட்ட ஒருவருடைய நினைவு எழுந்தது. அவரும் தம் இளமையில் வீட்டில் வழங்காத ஒரு மொழியைக் கற்றவர். ஆனால் ஒருவர் கட்டளையாலும் கற்றவரல்லர். அவரே பிற்காலத்திற் சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ. அவருடைய சரித்திரத்தை நம் மாணவ நண்பர் பொருட்டு ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

மன்றோ 1761ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்ஸாண்டர் மன்றோ, அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியா நாட்டோடு வாணிகஞ் செய்து செல்வராய் வாழ்ந்தவர். சிறுவயதில் மன்றோவைத் தட்டம்மை நோய் கடுமையாகப் பற்றியது. உயிர் பிழைத்தார், ஆயின் செவிப்புலன் குன்றியது. அக்குறை ஆயுள் முழுதும் நீங்காது, வயது ஏற ஏறத் தானும் ஏறிற்று. காது மந்தமான ஒருவர் பிறர் சொற்கேட்டலையே தம் வாழ்நாட்டொழிலாகக் கொள்ள நேர்ந்தது இச்சரித்திரத்தில் வியக்கத்தக்கதொரு செய்தி. வாசகர் இதனை மனத்திற் கொள்வாராக.

பள்ளியில் அவர் விளையாட்டிலும் வல்லவர், படிப்பிலும் வல்லவர். பதின்மூன்றாம் வயதிலேயே கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் சேர்ந்து கணிதத்தையும் இரசாயன நூலையும் விரும்பிப் பயின்றார். பாடநூல்களினும் கதை நூல்களும் வீரர் சரித்திரங்களும் அவர் நெஞ்சைக் கவர்ந்தன. அவற்றுள் ஒன்று செர்வாந்தேஸ் என்னும் ஸ்பானியப் புலவர் 1605லும் 1615லும் இரு பகுதியாக வெளியிட்ட டான் குயிக்ஸாட் என்னும் பெருங்கதை. அதனை ஆங்கில மொழிபெயர்ப்பிற் படித்தல் எளிது. ஆயினும் ஆசிரியர் எழுதிய சொல்லிலேயே அதனைப் படித்தல் வேண்டும் என்னும் வேட்கை பதினாறு வயதினராகிய அவருக்குப் பிறந்தது. கற்பிப்பார் ஒருவரும் இலர். ஓர் இலக்கணமும் ஓர் அகராதியுமே ஆசிரியராக, ஸ்பானிய மொழியைத் தாமே கற்று அந்நூலை மூலத்திலேயே படித்து மகிழ்ந்தார்.

இதனோடு ஒப்பிடற்குரிய வேறொரு சரித்திரமும் உண்டு. ஜார்ஜ் சாந்தயானா என்பவர் 1863இல் மாட்ரிட் நகரிற் பிறந்த ஸ்பானியர். 1872இல் எட்டு வயதுச் சிறுவராய் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வந்தபோது அவர்க்கு ஆங்கிலம் தெரியாது. தம்மினும் மிக இளைய குழந்தைகளோடு அமர்ந்து அம்மொழியைக் கற்கத் தொடங்கினார். வீட்டிலோ ஸ்பானிய மொழியே வழங்கிற்று. பின்னர் அவர் ஹார்வர்டு கலாசாலையில் தத்துவ ஆசிரியராகி, ஆங்கில உரைநடைக்கே அணியாய் விளங்கும் நூல்களை இயற்றினார். அவர்க்கு ஆங்கிலம் தேவையால் வந்தது. மன்றோவுக்கு ஸ்பானியம் ஆசையால் வந்தது. நம் நாட்டு மாணவர் பெரும்பாலும் சாந்தயானாவைப் போலத் தேவையாலேயே கற்கின்றனர். தேவையாற் கற்பது இழிவன்று. ஆனால் ஆசையாற் கற்றவன் பெறும் பழக்கம் ஒன்று உண்டு. பிறனைத் தன் மொழிக்கு இழுத்து வாராமல், தான் அவன் மொழிக்குச் சென்று சேரும் பழக்கமே அது. மன்றோவின் வாழ்க்கை அப்பழக்கத்தால் அமைந்தது என்பதே நாம் கூறக் கருதுவது.

ஆசைக்கல்விக்கு நெடுநாள் இடம் இருக்கவில்லை. 1776இல் அமெரிக்கர் சுதந்தரப் போர் முழக்கவே, வர்ஜீனியா வாணிகம் பாழாயிற்று. மன்றோவின் தந்தையார் செல்வம் இழந்தார். வாணிகக் கணக்குச்சாலையில் எழுத்து வேலை பயின்றுகொண்டிருந்த மைந்தர், கிழக்கிந்தியக் கும்பினியின் படையிற் சேர்ந்து பிழைக்க முற்பட்டார். 1779இல் வால்சிங்காம் என்னும் கப்பலேறி, வழிச்செலவுக்குப் பொருளின்மையாற் கப்பலில் வேலை செய்துகொண்டே வந்து, 1780ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னையில் இறங்கினார்.

அவ்வாண்டிலேயே ஹைதர் அலி கருநாடகத்தின்மேற் படையெடுத்தார். மன்றோ நான்காண்டு போர்க்களத்தில் உழன்றார். போர் முடிந்தபின்னும் வறுமை முடியவில்லை. சொற்பச் சம்பளத்திற் பெற்றோர்க்கும் பணம் அனுப்பவேண்டும். கித்தான் படுக்கையிற் படுத்து, புத்தகத்தையே தலையணையாகக் கொண்டதை அவர் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் நகைச்சுவை தோன்றக் கூறியிருக்கின்றார். அந்நாளிற்றான் இந்துஸ்தானியையும் பாரசீகத்தையும் கற்றார். உடன் இருந்தோர் பலர் சீட்டாட்டத்தில் ஓய்வைக் கழிக்க, இவர் பாரசீக ஏட்டுச் சுவடிகளைப் புரட்டினார். ஒரு சுவடியில், ஷேக்ஸ்பியர் இயற்றிய வெனிஸ் வர்த்தகன் நாடகத்தில் வருவது போலவே, கடனுக்கு ஈடாக ஒரு பவுண்டு தசை கேட்கும் கதை ஒன்று இருக்கக் கண்டு அதனை மொழிபெயர்த்து அனுப்பினார். மலோன் என்னும் பேரறிஞர் அதனைத் தம் ஷேக்ஸ்பியர் பதிப்பிற் சேர்த்துக்கொண்டார். கிளாஸ்கோவில் டான் குயிக்ஸாட்டைத் தேடிச் சென்ற சிறுவனே இங்கும் தோன்றுகின்றான் அல்லனோ?

1792இல் திப்பு சுல்தான் கும்பினியோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் பாராமகால் நாடு கும்பினியார் வசமாயிற்று. இக்காலத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் முதலிய ஜில்லாக்களின் பெரும்பகுதி அதனுள் அடங்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றோடொன்று கலந்து வழங்கும் எல்லைநாடு அது. அதனை ஆளும் பொறுப்பை யாரிடம் ஒப்புவிப்பது என்று கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு ஆராய்ந்தார். சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தரிற் பெரும்பாலார் நாட்டு மொழிகளையும் வழக்கங்களையும் அறியாதவராய், துபாஷிகளின் வாயையே நம்பியிருந்தனர். ஆதலின் அவரை விடுத்து, காப்டன் அலெக்ஸாண்டர் ரீடு என்னும் படைத்தலைவரையும், அவர்க்கு உதவியாக மன்றோ, கிரஹாம், மக்லியாடு என்னும் மூவரையும் காரன்வாலிஸ் நியமித்தார். வாளேந்தியவர் கணக்கேட்டுக்கு வந்ததற்குக் காரணம் மொழியறிவே என்பது கருதத்தக்கது. பயனொன்றுங் கருதாது தொடங்கிய பழக்கம் பதினைந்தாண்டுக்குப்பின் இவ்வாறு பயன் தந்தது.

மன்றோ தருமபுரியைத் தம் இருப்பிடமாகக் கொண்டு 1799 வரை அங்கிருந்தார். வயல் வயலாக நிலத்தை அளத்தல், மண்ணின் தரம் காணல், விளைவை மதித்தல், பின் ஒவ்வொரு குடியானவனுக்கும் அவனவன் தீர்வை இவ்வளவு என வரையறுத்தல் ஆகிய இப்பணியே பின்னர் ரயத்துவாரி முறை எனப் பெயர் பெற்றது. இடையில் ஜமீன்தார் இல்லை; சர்க்காரும் உழவனும் நேரே எதிர்ப்படுவர். எனவே, உழவன் சொல்வது சர்க்காருக்கு விளங்கவேண்டும்; சர்க்கார் சொல்வது உழவனுக்கு விளங்கவேண்டும். விளங்காவிடின் இடையிலுள்ள கர்ணமும் சேவகனும் வைத்ததே சட்டமாகும். இதனை நன்குணர்ந்த மன்றோ கச்சேரியில் அடைபட்டுக் கிடவாது, கூடாரம் அடித்துக்கொண்டு ஊரூராய்ச் சென்று குடிகளின் முறையீட்டைத் தாமே கேட்டார். தருமபுரியில் அவர் ஒரு தோட்டம் அமைத்துப் பழமரங்களும் பூஞ்செடிகளும் வைத்து வளர்த்தார். மேலதிகாரிகள் அவரைக் கன்னட நாட்டுக்கு மாற்றியபோது, பதவி உயர்ந்தும் அவர் மகிழ்ந்திலர். பாராமகாலைப் பிரிந்ததற்கே வருந்தினார்.

1800இல் நிஜாம் அரசர் விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பை முதலிய நாடுகளுக்கு மன்றோ கலெக்டராயினார். பாளையக்காரர் பூசலாலும் பஞ்சத்தாலும் நலிந்த நாடு அது. பாளையக்காரரை அவர் கடுமையாகவே அடக்கினார். அக்கடுமையை மேலதிகாரிகளும் குறை கூறினர். குடிகளிடமோ காவற்படையின்றியே சென்று பழகினார். ஏழாண்டு அவ்வாறு திரிந்தபின், நிலத்தீர்வை தாங்கவொண்ணாத அளவில் இருக்கின்றது என்றும், நூற்றுக்கு 25 வீதம் குறைத்தல் வேண்டும் என்றும் 1807இல் எழுதினார். வருமானம் குறையும் என அஞ்சிய மேலதிகாரிகள் அதனை ஏற்காது கிராமக் குத்தகை முறையைப் புகுத்தினர். அதனால் நொந்தவர் குடிகளே. பின்னாளிற் கவர்னராகிய பின்னரே தாம் சொன்ன குறைப்பை அவர் நடைமுறைக்குக் கொண்டுவர முடிந்தது.

1807இற் சீமைக்குத் திரும்பினார். செவிக்குறை அப்பொழுது மிகுந்து அவரை வருத்திற்று. கும்பினியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் பொருட்டு 1813இல் பார்லிமெண்டில் நடந்த விசாரணையில் அவர் சாட்சியம் அளித்தார். நாகரிகம் என்பது இரு நாடுகளுக்கிடையே ஏற்றி இறக்கும் சரக்காயின், இந்தியாவிலிருந்து அதனை இறக்குமதி செய்வதால் ஊதியம் அடைவது இங்கிலாந்தே எனும் கருத்தை அங்கே அஞ்சாது வெளியிட்டார். நம் மக்களின் மொழியில் அவருடன் பேசியிராதவர் எவரும் அவ்வாறு உரைத்தல் அரிது.

1814இல் ஜேன் காம்பெல் என்னும் மாதை மணந்து, நீதி முறையைச் சீர்திருத்தும் குழுவின் தலைவராய்ச் சென்னைக்கு மீண்டார். 1816இல் வெளிவந்த சட்டங்களால் கிராம முன்சீபுகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் அதிகாரம் கிடைத்தது. ஊரார் வழக்கை ஊரார் மொழியில் ஊராரே தீர்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1820இல் சென்னைக் கவர்னர் பதவியை ஏற்றார். 1824ஆம் ஆண்டின் இறுதியில் எழுதிய நெடிய குறிப்பில், இந்நாட்டாரை உயர்ந்த உத்தியோகங்களினின்று விலக்கி வைத்தல் அவர்தம் மேன்மையைக் கெடுப்பதாகும் என்றும், அவர் தம்மைத் தாமே ஆளும் நிலை எய்தும் வரையிலேயே ஆங்கில ஆட்சி இருத்தற்குரியது என்றும் பொருள்பட வற்புறுத்தினார்.

கல்லூரி மாணவராகிய நமக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. 1822இல் மன்றோ ஒவ்வொரு கலெக்டருக்கும் ஆணை அனுப்பி, அவரவர் ஜில்லாவில் எத்தனை பள்ளிகள் உள, எத்தனை மாணவர் பயில்கின்றனர் எனக் கணக்கெடுக்கச் செய்தார். சீர்திருத்துமுன் இருப்பதை அறிதல் வேண்டும் என்னும் அவர் வழக்கம் ஈண்டும் விளங்கிற்று. மாகாணத்து மக்கள் 1,28,50,941 பேர்; பள்ளிகளும் கலாசாலைகளும் 12,498. ஏறத்தாழ ஆயிரவர்க்கு ஒரு பள்ளி. அறுபத்தேழு பேர்க்கு ஒருவரே பள்ளியிற் பயின்றனர். வீட்டிற் கற்போரையும் பள்ளிப் பருவத்து ஆண்பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்தால் நிலைமை அவ்வளவு இழிந்ததன்று என்றும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற் சின்னாள் முன்வரை இருந்ததினும் அது மேலானது என்றும் அவர் மதித்தார்.

ஆசிரியர்க்கு மாதம் ஆறேழு ரூபாய்க்குமேல் வருவாயில்லை என்பதே கல்வி தாழ்ந்ததற்குக் காரணம் எனக் கண்டு, 1826 மார்ச்சு மாதத்தில் ஒரு திட்டம் வகுத்தார். ஜில்லாவுக்கு இரண்டு உயர்ந்த பள்ளிகள், தாசிலுக்கு ஒரு பள்ளி. முன்னவற்றின் ஆசிரியர்க்கு 15 ரூபாயும் பின்னவற்றின் ஆசிரியர்க்கு 9 ரூபாயும் மாதச் சம்பளம். ஆசிரியரைப் பயிற்றச் சென்னையில் ஒரு பள்ளி. தாசில் பள்ளிகள் நாட்டு மொழியிலேயே நடத்தற்குரியன. அவ்வாண்டே கல்விக் குழு ஒன்றும் அமைந்தது. ஆனால் திட்டம் வேரூன்றுமுன் வகுத்தவர் மறைந்தார். பள்ளிகள் கவனிப்பாரின்றி மெலிந்தன. ஆங்கிலக் கல்வியே கல்வி என்னும் கொள்கை மேலோங்கவே, 1836இல் தாசில் பள்ளிகள் மூடப்பட்டன. வத்தல்மலைத் திண்ணையில் நாம் கண்ட காட்சிக்குத் தோற்றுவாய் அவ்வாண்டிலும் ஒரு பங்கு உண்டு எனல் மிகையாகாது.

1826இல் நோயுற்ற இளமைந்தனை அழைத்துக்கொண்டு லேடி மன்றோ சீமைக்குச் சென்றார். தாமும் பதவி நீங்கிப் பின்தொடரக் கருதிய மன்றோ, தாம் முன்பு கலெக்டராயிருந்த நாட்டு மக்களிடம் விடைபெறும் பொருட்டு 1827இல் இறுதிச் சுற்றுப்பயணம் புறப்பட்டார். வழியில் வாந்திபேதி கண்டு, ஜூலை மாதம் 6ஆம் நாள் கர்நூலைச் சார்ந்த பத்திகொண்டாவில் உயிர் நீத்தார். கூத்தியில் அடக்கஞ் செய்த உடலைப் பின்னர் 1831இற் சென்னைக் கோட்டையிலுள்ள செயிண்ட் மேரி ஆலயத்துக்குக் கொண்டுவந்தனர். சாண்ட்ரி என்னும் சிற்பி வார்த்த குதிரைமேல் உருவம் 1839இற் சென்னையில் நிறுவப்பெற்றது. சேணமும் அங்கவடியுமின்றி அவர் அமர்ந்திருப்பதை நம்முட் பலர் கண்டிருப்பர். அதனினும் உயர்ந்த ஞாபகம் ஒன்றை கடப்பைச் சீமை மக்கள் அமைத்தனர். தம் பிள்ளைகளுக்கு முனிரோலப்பா எனப் பெயரிட்டனர்.

இவரை நாம் தெய்வமாக்க விரும்பவில்லை. இவர் பிறநாட்டு வாணிகக் கூட்டத்தின் ஊழியர். இவர் அளந்த நிலமெல்லாம் அக்கூட்டத்தின் கருவூலத்தை நிரப்பற்கே அளக்கப்பட்டது. இவர் நாட்டிய ரயத்துவாரி முறையும், கேட்குஞ் செவியில்லாதார் கைப்பட்டபோது குடிகளுக்குக் கொடுமையாயிற்று. தீர்வை வாங்கும் பொருட்டுக் குடிகளை அடித்தும் வதைத்தும் வந்தனர் என்பதை 1855இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அதே சட்டம், அதே கணக்கேடு. கேட்பவர் மட்டும் இல்லை. முறை நன்றாயினும் கேட்பார் இலராயின் அது பயனற்றது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. மந்தமான செவியுடையவர் கேட்டார். கூர்ந்த செவியுடையார் கேட்டிலர்.

நண்பர்களே, நாம் ஆங்கிலம் கற்றோம், இன்னும் கற்போம், அதனை வெறுப்பது அறிவுடைமையன்று. கற்ற மொழியால் இதுவரை நமக்குக் கேளாதிருந்த எவர் குரலைக் கேட்டோம் என்பதே வினா. ஷேக்ஸ்பியரின் குரலைக் கேட்டோமாயின் நன்று. பரீட்சை மண்டபத்தின் மணியோசை ஒன்றையே கேட்டோமாயின், அச்சிறுமிக்கும் நமக்கும் வேற்றுமை அற்பமே. மேலும், கற்ற செருக்கால் நம்மூர் உழவன் பேச்சு நமக்குக் கொச்சையாகப் படுமாயின், நாமும் 1792இல் காரன்வாலிஸ் ஒதுக்கிய அவ்வுத்தியோகஸ்தர் கூட்டத்தையே சேர்ந்தோராவோம்.

அன்று மலையை விட்டிறங்குமுன் அச்சிறுமியின் அருகில் அமர்ந்து, அவள் படித்த பாடத்தின் பொருளை அவள் பேசும் தமிழிலேயே சொன்னோம். அவள் முகம் மலர்ந்தது. பின்னர் எதிரே நின்ற மரங்களின் பெயரை அவளிடம் வினவினோம். ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவற்றுட் பல நாம் கேட்டறியாதவை. ஒன்றிரண்டை நாம் தவறாக உச்சரித்தபோது இம்முறை அவள் நகைத்தாள். அந்நகைப்பு நமக்கு வேண்டியதே. குறிப்பேட்டை எடுத்து அப்பெயர்களை எழுதிக்கொண்டு கீழே இறங்கினோம்.